உடைஞ்ச சர்ஃப் போர்டை வீட்லயே சரி பண்ணது: முதல்ல தண்ணி, அப்புறம்தான் ரெசின்

போர்டு இதுதான்: 7 அடி 2 இன்ச், உள்ள பியூ (பாலியூரிதேன்) ஃபோம், மேல பாலியெஸ்டர் ரெசின்ல ஒட்டின ஃபைபர் கிளாஸ் துணி, நடுவுல தலையில இருந்து வால் வரைக்கும் ஒரு மெல்லிசான மரச் சட்டம், அதைத்தான் ஸ்ட்ரிங்கர்னு சொல்றாங்க. சென்னைக்குப் பக்கத்துல இருக்கற கோவளத்துல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அடி ரெண்டு இடத்துல. வலது பக்க ரெயில்ல, அதாவது போர்டோட ஓரத்துல, பாறையில மோதி உள்ளங்கை அகலத்துக்கு கிளாஸ் நொறுங்கி ஃபோம் வெளிய தெரியுது. இன்னொன்னு வால் பக்கம், ஃபின் பாக்ஸுக்கு, அதாவது அடியில இருக்கற துடுப்பை (ஃபின்) செருகற குழிக்கு, கொஞ்சம் முன்னாடி, இதுக்கு முன்னாடி வச்சிருந்தவங்க பைப் லீக்குக்கு போடற மாதிரி எபாக்ஸி புட்டிய வச்சு மூடின ஒரு பழைய ஒட்டு, அதைச் சுத்தி ஃபோம் பழுப்பு நிறமா மாறி இருக்கு. பார்க்கற யாருக்கும் ரெயில்ல இருக்கறதுதான் பெரிய அடின்னு தோணும், ஆனா நேரம் முக்காவாசி போனது அந்த பழைய ஒட்டுக்குத்தான்.

ஏன்னா அதுக்குள்ள தண்ணி. சர்ஃப் போர்டு ரிப்பேர்னா எல்லாரும் ரெசின், துணி, பாலிஷ்னு பேசறாங்க, வீடியோ பார்த்தாலும் அங்க இருந்துதான் ஆரம்பிக்கறாங்க. என்னைக் கேட்டா இந்த வேலையில பாதி காய வைக்கறதுதான். ஃபோம் தனியா இருந்தா கட்டை விரலாலயே அமுக்கி உடைச்சிடலாம், கிளாஸ் தனியா இருந்தா வெறும் மெல்லிசு தகடு, ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கற வரைக்கும்தான் போர்டுக்கு பலமே. தண்ணி உள்ள போச்சுன்னா முதல்ல எடை கூடும், அப்புறம் ஃபோம் இளகும், கிளாஸ் ஃபோமை விட்டு பிரிய ஆரம்பிக்கும், மரச் சட்டம் ஊறி கறுக்கும். தண்ணிய உள்ள வச்சே மேல மூடிட்டா இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாம நடந்துக்கிட்டே இருக்கும். அந்த ஒட்டுக்கு கீழ அதுதான் நடந்திருக்கு.

வேலைய தொடங்கறதுக்கு முன்னாடி உங்க போர்டு எந்த வகைன்னு கட்டாயம் தெரிஞ்சுக்கணும், இதுல தப்பு நடந்தா போர்டு போச்சு. ரெண்டு வகைதான் பெரும்பாலும் நம்ம ஊர்ல கிடைக்குது. ஒன்னு பியூ ஃபோம்ல பாலியெஸ்டர் ரெசின், இன்னொன்னு ஈபிஎஸ் ஃபோம்ல எபாக்ஸி ரெசின். ஈபிஎஸ்னா வேற ஒன்னும் இல்ல, டிவி பொட்டிக்குள்ள வர்ற தெர்மகோல் குடும்பம்தான். உடைஞ்ச இடத்துல உத்துப் பாருங்க, சின்னச் சின்ன உருண்டை உருண்டையா மணி தெரிஞ்சா ஈபிஎஸ், மணியே இல்லாம நைஸா மாவு மாவா உதிர்ந்தா பியூ. பியூ வெயில் பட்டு மஞ்சளாகும், ஈபிஎஸ் வெள்ளையாவே இருக்கும். சந்தேகம் இருந்தா உதிர்ந்த துளி ஃபோமை எடுத்து ஒரு கண்ணாடி மூடியில வச்சு ரெண்டு சொட்டு அசிட்டோன் விடுங்க, ஈபிஎஸ்னா கரைஞ்சு பிசினா ஆயிடும், பியூ அப்படியே கிடக்கும். இந்த டெஸ்ட்டை போர்டு மேல பண்ணாதீங்க, உதிர்ந்த துண்டுல மட்டும்.

இது ஏன் முக்கியம்னா பாலியெஸ்டர் ரெசின்ல ஸ்டைரீன்னு ஒரு கரைப்பான் இருக்கு, அது தெர்மகோலை தின்னுடும். ஈபிஎஸ் போர்டு ஓட்டையில பாலியெஸ்டர் ஊத்தினா கண்ணு முன்னாடியே உள்ள குழி விழும். எபாக்ஸி ரெண்டு ஃபோமுக்கும் ஆகும், பழைய பாலியெஸ்டர் மேலயும் நல்லா தேச்சுட்டு போட்டா ஒட்டும், ஆனா எபாக்ஸி போர்டு மேல பாலியெஸ்டர் சரியா பிடிக்காது. குழப்பமா இருந்தா எபாக்ஸி போடுங்க, செலவு கொஞ்சம் கூட, ஆனா பயம் இல்ல.

ரொம்ப வருஷமா உலகம் முழுக்க போர்டுன்னா பியூதான். கலிபோர்னியாவுல ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் 1950களோட கடைசியில பியூ ஃபோமை போர்டுக்கு கொண்டு வந்தாங்க, அப்புறம் கிளார்க் தனியா ஆரம்பிச்ச கிளார்க் ஃபோம் கம்பெனிதான் அமெரிக்காவுல போர்டு செதுக்கறவங்க கிட்ட போற ஃபோம் கட்டைகள்ல (பிளாங்க்னு சொல்வாங்க) பெரும்பகுதிய செஞ்சுச்சு. 2005 டிசம்பர் 5ம் தேதி அந்த ஆளு திடீர்னு கம்பெனிய மூடிட்டாரு, அந்த நாளுக்கு பிளாங்க் மண்டேன்னே பேரு. ஃபோமுக்கு தட்டுப்பாடு வந்ததும் நிறைய பேர் ஈபிஎஸ், எபாக்ஸி பக்கம் திரும்பினாங்க. இன்னைக்கு கோவளத்துல ஒரே திண்ணையில ரெண்டு வகை போர்டும் சாத்தி வச்சிருக்கறதுக்கு அந்த திங்கக்கிழமையும் ஒரு காரணம்.

சரி, தண்ணிக்கு வருவோம். ரெண்டு அடியையும் சுத்தி இருந்த வேக்ஸை, அதாவது கால் வழுக்காம இருக்க போர்டு மேல தடவற மெழுகை, முதல்ல எடுத்தேன், கொஞ்ச நேரம் இளவெயில்ல வச்சா இளகிடும், பழைய ஏடிஎம் கார்டால சுரண்டி எடுத்துட்டு துணியில அசிட்டோன் தொட்டு துடைச்சேன். வேக்ஸ் ஒரு துளி இருந்தாலும் ரெசின் ஒட்டாது. அப்புறம் அந்த பழைய புட்டிய கட்டர் பிளேடால சுத்தி கீறி நெம்பினேன், ஒரே துண்டா வந்துடுச்சு, அடியில ஃபோம் காப்பி கலர்ல, விரல் வச்சா ஈரம், அழுகின வாடை. டிஷ்யூ பேப்பரை அமுக்கி எடுத்தா சொட்டச் சொட்ட ஊறி வந்துச்சு. கடல்ல போர்டை எடுத்துட்டுப் போய் எவ்வளவு நாளோ ஆச்சு, இன்னும் இவ்வளவு தண்ணி. உப்புத் தண்ணியோட குணம் அது, தண்ணி ஆவியானாலும் உப்பு உள்ள தங்கிடும், அந்த உப்பு காத்துல இருக்கற ஈரத்தை திரும்ப இழுத்துக்கும். சென்னை மாதிரி எப்பவும் கசகசன்னு இருக்கற ஊர்ல அது காயவே காயாது.

அதனால காய வைக்கறதுக்கு முன்னாடி நல்ல தண்ணி விட்டு கழுவணும். கேக்க விசித்திரமா இருக்கும், ஏற்கனவே நனைஞ்ச ஃபோம்ல மறுபடியும் தண்ணியான்னு, ஆனா உப்பை வெளிய கொண்டு வர வேற வழி இல்ல. நல்ல தண்ணிய உள்ள விட்டு, சாய்ச்சு வடிச்சு, மறுபடி விட்டு, வடியற தண்ணிய நாக்குல வச்சா கரிப்பு தெரியாத வரைக்கும் பண்ணேன். அதுக்கப்புறம் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கற மாதிரி சுவத்துல சாய்ச்சு வச்சேன். நிழல்லதான். நேர் வெயில்ல வைக்கணும்னு கை பரபரக்கும், வைக்காதீங்க, உள்ள இருக்கற காத்தும் ஆவியும் விரிஞ்சு கிளாஸை ஃபோம்ல இருந்து பிரிச்சுடும், மூடின காருக்குள்ள போர்டை விட்டுட்டுப் போனாலும் இதே கதிதான். பகல்ல நிழல்ல ஃபேன் காத்து, ராத்திரி ஏசி ரூம்ல. ஏசி காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து குழாய் வழியா வெளிய தள்ளுதுல்ல, அது போர்டுக்கும் சேர்த்து வேலை செய்யும்.

காஞ்சுதா இல்லையான்னு எப்படி தெரியும்? தொட்டுப் பார்த்து சொல்லவே முடியாது, மேல காஞ்சிருக்கும், ரெண்டு இன்ச் உள்ள ஈரம் இருக்கும். நான் நம்பறது எடையைத்தான். ஏர்போர்ட் போறவங்க பெட்டிய தூக்கிப் பார்க்கற லக்கேஜ் தராசு இருக்குல்ல, போர்டை துணிப்பட்டியில கட்டி அதுல தொங்கவிட்டு தினமும் ஒரே நேரத்துல எடை எழுதி வச்சேன். ஆரம்பத்துல 4.7 கிலோ. முதல்ல மடமடன்னு குறைஞ்சுது, அப்புறம் நாளுக்கு பத்து இருபது கிராம்னு வந்துச்சு, 4.2 கிட்ட வந்து அசையாம நின்னுடுச்சு. அரை கிலோ தண்ணி! எடை நின்னதுக்கு அப்புறமும் சில நாள் விட்டுட்டுத்தான் அடுத்த வேலைக்கே போனேன். அவசரமா கடலுக்குப் போகணும்னா வேற போர்டை வாடகைக்கு எடுங்க, இந்த இடத்துல மட்டும் அவசரப்படாதீங்க.

இந்த காயற நாள்ல சாமான் சேர்த்தேன். சர்ஃபிங்குக்குன்னே வர்ற ரிப்பேர் கிட் ஆன்லைன்ல கிடைக்குது, சின்ன டியூபுக்கு விலை ஜாஸ்தி. ஆனா தமிழ்நாட்டு கடற்கரையில நமக்கு ஒரு வசதி இருக்கு, எந்த மீனவ ஊருக்குப் போனாலும் ஃபைபர் போட் வேலை தெரிஞ்சவங்க இருப்பாங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் கட்டுமரம் போயி நிவாரணமா ஃபைபர் போட் நிறைய வந்துச்சு, போட் வந்தா அதை ஒட்டற ஆளும் வருவாங்கல்ல. கோவளத்துல சர்ஃபிங்கே மூர்த்தி மேகவன் மாதிரி மீனவக் குடும்பத்து ஆளுங்க கைல வளர்ந்ததுதான், அதனால அலையும் ரெசினும் ரெண்டும் தெரிஞ்ச ஆளுங்க அங்க தேடாமலே கிடைப்பாங்க. போட் ஒட்டற ஒரு அண்ணன் கிட்ட போர்டை காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, நாங்க போட்டுக்கு மேட் போடுவோம், ரோவிங் போடுவோம், அதெல்லாம் இதுக்கு ஆகாது, கனத்துப் பூடும். நெய்ஞ்ச துணி மெல்லிசா வாங்கு. ரெசினு நம்ம ரெசினே போதும்"னாரு. "கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டு வராத, தனித்தனியா எடுத்துட்டு வா"ன்னு கூடவே சொன்னாரு.

அவர் சொன்னதோட முதல் பாதி: மேட்ங்கறது துண்டு துண்டா வெட்டின நூலை அமுக்கி செஞ்சது, ரெசினை நிறைய குடிக்கும், அதனால கனம். ரோவிங்கறது தடிமனான இழையில நெய்ஞ்சது, அதுவும் கனம். போர்டுக்கு பொதுவா 4 அவுன்ஸ், 6 அவுன்ஸ்னு சொல்ற நெசவுத் துணி, நம்ம கடையில ஜிஎஸ்எம் கணக்குல, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு, கேக்கணும், 6 அவுன்ஸுக்கு கிட்டத்தட்ட 200 ஜிஎஸ்எம். பாரிமுனை பக்கம் ஃபைபர் சாமான் விக்கற கடையில ஒரு மீட்டர் வாங்கினா ரொம்ப காலத்துக்கு வரும்.

ரெண்டாவது பாதி இன்னும் முக்கியம், இதை நிதானமா படிங்க. கடையில வாங்கற பாலியெஸ்டர் ரெசின் பெரும்பாலும் மூணு பாகமா வரும், ரெசின், இறுகறதை வேகப்படுத்தற கோபால்ட், அப்புறம் இறுகறதைத் தொடங்கி வைக்கற எம்இகேபிங்கற கேட்டலிஸ்ட். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரா ஒன்னோட ஒன்னு கலந்தா சீறி தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அதனால முதல்ல ரெசின்ல கோபால்ட்டை ஊத்தி நல்லா கலக்கணும், ரெசின் லேசா ஊதா கலர்ல ஒரே சீரா ஆகணும், அதுக்கு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். ரெண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு, தனித்தனி அலமாரி. கேட்டலிஸ்ட் கண்ணுல தெறிச்சா பார்வையே போகலாம், கண்ணாடி போடாம அந்த பாட்டிலை திறக்காதீங்க. வீட்ல குழந்தைங்க இருந்தா இந்த மூணு டப்பாவும் பூட்டுக்குள்ளதான் இருக்கணும். இந்த தொல்லை வேண்டாம்னு நினைச்சா எபாக்ஸிக்கு போயிடுங்க, அதுவும் தப்பில்ல.

அளவு: 100 கிராம் ரெசினுக்கு கோபால்ட் 1 மில்லி, கேட்டலிஸ்ட் 1 மில்லிங்கற கணக்குல ஆரம்பிச்சேன், ஆனா கோபால்ட் ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு ஸ்ட்ரெங்த்ல வரும், அதனால கடைக்காரர் சொல்ற அளவைக் கேட்டு, சின்ன கப்புல கலந்து எவ்வளவு நேரத்துல இறுகுதுன்னு பார்த்துட்டுத்தான் போர்டுல கை வைக்கணும். நம்ம ஊர் சூட்டுல வேகமா இறுகும், ஒரே தடவைல நிறைய கலக்காதீங்க. கப்புல மிச்சம் இருக்கற ரெசின் தானா சூடாகி புகையும், அதை அப்படியே குப்பைக் கூடையில போடாம மொட்டை மாடி தரையில வெறும் இடத்துல ஆற விடுங்க.

இப்ப ரெயில் வேலை. நொறுங்கின கிளாஸ்ல கட்டை விரலால அமுக்கினா ஆடற எதையும் விட்டு வைக்கல, எல்லாத்தையும் பிளேடால கீறி எடுத்தேன். ஓட்டை பெருசாகுதேன்னு தோணும், ஆகட்டும், ஆடற கிளாஸ் மேல எவ்வளவு ஒட்டினாலும் அதுவும் சேர்ந்து ஆடும். அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள் வச்சு ஓட்டையைச் சுத்தி ரெண்டு இன்ச்சுக்கு பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சேன், ஓட்டையோட விளிம்பை சரிவா இறக்கினேன். பளபளப்பு இருக்கற இடத்துல ரெசின் பிடிக்காது, வெள்ளையா மங்கலா ஆகணும்.

குழிய நிரப்ப ரெசின்ல மைக்ரோ பலூன்னு ஒரு பொடி கலக்கணும், கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி கண்ணாடி உருண்டை, உள்ள காலி, அதனால எடையே இல்ல. வெறும் ரெசினை ஊத்தி நிரப்பினா கனம் மட்டும் இல்ல, ஆழமான குழியில ரெசின் சூடேறி சுருங்கி வெடிப்பு விடும். டால்கம் பவுடர் கலக்கறவங்களும் இருக்காங்க, அது கனம், தேய்க்கவும் கஷ்டம், நான் சேர்க்க மாட்டேன். பொடியை ரெசின்ல கலந்து கெட்டியான இட்லி மாவு பதத்துக்கு, கரண்டியில எடுத்தா வழியாம நிக்கற மாதிரி கொண்டு வந்து, அதுக்கு அப்புறம் கேட்டலிஸ்ட் கலந்து, ஒரே தடவையா இல்லாம ரெண்டு அடுக்கா போட்டேன். ரெயில் வளைவா இருக்கறதால வழிஞ்சு போகும், அதுக்கு பிரவுன் பேக்கிங் டேப்பை ரெயிலோட வளைவுக்கு இழுத்துக் கட்டி அணை மாதிரி வச்சா போதும், அந்த டேப்புல ரெசின் ஒட்டாது, இறுகினதும் உரிச்சுடலாம்.

இறுகினதும் தேய்ச்சு சுத்தி இருக்கற மட்டத்தை விட ஒரு நூல் அளவு தாழ்வா விட்டேன். ஏன்னா மேல ரெண்டு அடுக்கு துணி வரணும், மட்டமா விட்டா துணி போட்டதும் மேடு தெரியும், ரெயில்ல மேடு இருந்தா தண்ணி அங்க கிழிஞ்சு ஓடும், அலையில திரும்பும்போது கால்லயே தெரியும்.

துணி போடற நேரம் பத்தி ஒன்னு சொல்லணும். பெரும்பாலானவங்க காலையில வெயில் வர ஆரம்பிக்கும்போது ரெசின் போடறாங்க, சீக்கிரம் இறுகும்னு. நான் சாயங்காலம், வெயில் தாழ்ந்து சூடு இறங்கற நேரத்துல போட்டேன். ஃபோமுக்குள்ள காத்து இருக்கு, சூடு ஏறும்போது அது விரிஞ்சு வெளிய வரப் பார்க்கும், அந்த நேரத்துல மேல ஈர ரெசின் இருந்தா கொப்புளம் கொப்புளமா வரும். சூடு இறங்கும்போது காத்து சுருங்கும், ரெசினை உள்ள இழுக்கும், ஒட்டும் நல்லா பிடிக்கும். இது எபாக்ஸிக்கும் பொருந்தும், சொல்லப்போனா எபாக்ஸி மெதுவா இறுகறதால அதுக்கு இன்னும் அதிகமா பொருந்தும்.

முதல் துணி குழியை விட அரை இன்ச் பெருசு, ரெண்டாவது அதை விட ஒரு இன்ச் பெருசு. மூலை இல்லாம வட்டமா வெட்டணும், மூலை இருந்தா அங்கதான் தூக்கும். பிரஷ்ல கொஞ்சம் ரெசின் தடவி, துணிய வச்சு, மேல ரெசின் விட்டு பழைய பிளாஸ்டிக் கார்டால நடுவுல இருந்து வெளிப்பக்கமா தள்ளினேன். துணி நனைஞ்சதும் கண்ணாடியா தெளிஞ்சுடும், எங்கயாவது வெள்ளையா தெரிஞ்சா அங்க ரெசின் போகல இல்ல காத்து நிக்குதுன்னு அர்த்தம். மிச்ச ரெசினை தள்ளி எடுத்துடணும், பலம் துணியிலதான் இருக்கு, ரெசின் வெறும் பசை, குளமா நின்னா கனமும் வெடிப்பும்தான் மிச்சம். நகம் பதியற அளவுக்கு இறுகினதும் வெளிய தொங்கற நூலை பிளேடால வெட்டிட்டேன், அந்த சில நிமிஷம் தவறினா அப்புறம் தேய்ச்சு எடுக்க கை வலிக்கும்.

மேல் கோட்டுக்கு ஒரு விஷயம். சாதா பாலியெஸ்டர் ரெசின் காத்து படற இடத்துல பிசுபிசுன்னே இருக்கும், காத்துல இருக்கற ஆக்சிஜன் மேல் பரப்பை இறுக விடாது. துணி அடுக்குக்கு அது நல்லதுதான், அடுத்த கோட் அதுல நல்லா ஒட்டும். ஆனா கடைசி கோட் பிசுபிசுன்னு இருந்தா தேய்க்கவே முடியாது, உப்புத்தாள் அடைச்சுக்கும். அதுக்கு கடையில வேக்ஸ் சொல்யூஷன்னு கேட்டா தருவாங்க, ஸ்டைரீன்ல பாரஃபின் மெழுகை கரைச்சது, கடைசி கோட்ல மட்டும் கொஞ்சமா கலந்தா மெழுகு மேல மிதந்து வந்து காத்தை மறிச்சுடும். அது கிடைக்கலைன்னா மைலார்ங்கற மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்டை மேல இழுத்து ஒட்டிடலாம், வழுவழுன்னு வரும். நான் ரெயிலுக்கு ஷீட், வாலுக்கு வேக்ஸ் சொல்யூஷன் ரெண்டையும் போட்டேன். வளைவான இடத்துக்கு ஷீட் அவ்வளவு அழகா உக்காருது, தேய்க்கற வேலையே பாதியா குறைஞ்சுடுச்சு.

வால் பக்கத்து பழைய காயம். இங்க நிரப்பறதுக்கு முன்னாடி வெட்டி எடுக்கறதுதான் வேலை. பழுப்பு ஃபோம் எல்லாம் கெட்டது இல்ல, கறை படிஞ்சாலும் காஞ்சு கெட்டியா இருந்தா இருக்கட்டும், ஆனா ஸ்க்ரூ டிரைவர் நுனியில குத்தினா பொடியா உதிர்ற எல்லாத்தையும் சுரண்டிட்டேன், ஸ்ட்ரிங்கர் மரத்துல கறுத்த பகுதியையும் சுரண்டி நல்ல மரம் தெரியற வரைக்கும் போனேன். கடைசியில சோப்பு டப்பா அளவுக்கு குழி. இவ்வளவு பெரிய இடத்தை மைக்ரோ பலூன் கலவையால நிரப்பினா அந்த இடம் மட்டும் கல்லாயிடும், போர்டு வளையும்போது கல்லுக்கும் ஃபோமுக்கும் நடுவுல விரிசல் விடும். அதனால ஃபோம் துண்டே வைக்கணும். உடைஞ்சு போன பழைய போர்டுல இருந்து துண்டு கிடைச்சா அதுதான் முதல் தரம், கிடைக்கலைன்னா கோல்ட் ஸ்டோரேஜ் கட்டறவங்க கிட்ட மிச்சம் மீதி பஃப் பேனல் (பியூ ஃபோம் பலகை) துண்டு இருக்கும், 40 டென்சிட்டின்னு சொல்றது போர்டு ஃபோமுக்கு கிட்டத்தட்ட வரும். ஜன்னல் சந்துல அடிக்கற ஸ்ப்ரே ஃபோமை சில பேர் போடறாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, உள்ள பெரிய பெரிய பொத்தலோட வரும், அமுக்கினா அமுங்கும், மேல கிளாஸ் போட்டா அடியில தாங்க ஒன்னும் இருக்காது.

துண்டை குழியை விட கொஞ்சம் உயரமா வெட்டி, மைக்ரோ பலூன் கலந்த ரெசினை மெல்லிசா தடவி அமுக்கி வச்சு, இறுகினதும் அரத்தால சீவி, மட்டத்துக்கு தேய்ச்சு, அப்புறம் ரெயில் மாதிரியே ரெண்டு துணி. ஃபின் பாக்ஸ் பக்கத்துல இருக்கறதால இங்க ரெண்டாவது துணிய பாக்ஸோட விளிம்பு வரைக்கும் இழுத்தேன், ஃபின் இழுக்கற பலம் எல்லாம் அந்த விளிம்புலதான் விழும். பாக்ஸுக்குள்ள ரெசின் போகாம முன்னாடியே டேப் வச்சு அடைச்சுட்டா நல்லது.

தேய்க்கறது. 80ல ஆரம்பிச்சு 120, 220, கடைசியில தண்ணி விட்டு 400. மரக்கட்டையில உப்புத்தாள் சுத்தி தேய்ங்க, வெறும் விரல்ல தேய்ச்சா பள்ளம் விழும். துணியோட நெசவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சா உடனே நிறுத்திடணும், அதுக்கு மேல தேய்ச்சா நூலை அறுக்கறீங்க, பலத்தை அறுக்கறீங்க, மறுபடி ஒரு கோட் போட்டுட்டு தேய்ங்க. கிளாஸ் தூசி தோல்ல பட்டா ராத்திரி முழுக்க அரிக்கும், முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி எல்லாம் வேணும். தூசிக்கு என்95 மாஸ்க் போதும், ஆனா ரெசின் வாடைக்கு அது பத்தாது, கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் வேணும், இல்லைன்னா காத்தோட்டமான மொட்டை மாடியில மட்டும் வேலை செய்ங்க. ரூமுக்குள்ள ரெசின் வேலை வேண்டவே வேண்டாம்.

எபாக்ஸி போர்டு வச்சிருக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கற லேபாக்ஸ் எல்-12 எபாக்ஸி ரெசின், அதை இறுக வைக்கற கே-6 ஹார்ட்னர் ஜோடிக்கு 100க்கு 10ன்னு எடை கணக்கு. கண்ணளவுல ஊத்தாதீங்க, கிச்சன் தராசுல 0.1 கிராம் காட்டறதா பார்த்து அளங்க. பாலியெஸ்டர்ல கேட்டலிஸ்ட் கொஞ்சம் கூடக் குறைய போட்டா வேகம்தான் மாறும், எபாக்ஸில ஹார்ட்னர் கூடினாலும் குறைஞ்சாலும் கடைசி வரைக்கும் கொழகொழன்னே நிக்கும், சுரண்டி எடுக்கறதைத் தவிர வழி கிடையாது. இன்னொன்னு, புழுக்கமான நாள்ல எபாக்ஸி இறுகும்போது மேல எண்ணெய் மாதிரி ஒரு படலம் விடும், அடுத்த கோட்டுக்கு முன்னாடி அதை தண்ணியும் ஸ்க்ரப்பரும் வச்சு கழுவிட்டு, காய வச்சு, அப்புறம்தான் தேய்க்கணும். கழுவாம தேய்ச்சா அந்த படலத்தை உள்ளயே தேய்ச்சு விடறீங்க, அடுத்த கோட் உரிஞ்சு வரும்.

வெயில்ல அஞ்சு நிமிஷத்துல இறுகற யூவி ரெசின் டியூப் சின்ன கீறலுக்கு அருமையான சாமான், பையில ஒன்னு வச்சுக்கோங்க, ஆனா டியூப் மேல பாலியெஸ்டரா எபாக்ஸியான்னு பார்த்து வாங்குங்க. கடல்ல இருக்கும்போது போர்டுல அடிபட்டா உடனே தண்ணிய விட்டு வெளிய வாங்க, இன்னும் ஒரே ஒரு அலைன்னு நினைக்காதீங்க. ஓட்டையை துடைச்சு டேப் ஒட்டறது வீட்டுக்கு வர்ற வரைக்கும்தான், வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்துடணும், இல்லைன்னா ஈரத்தை நீங்களே பூட்டி வச்ச மாதிரி ஆயிடும்.

வேலை முடிஞ்சு ரெசின் முழுசா இறுக சில நாள் விட்டுட்டு எடை போட்டேன், 4.3 கிலோ. சுரண்டி எடுத்தது போக, துணி, ரெசின், ஃபோம் துண்டு எல்லாம் சேர்ந்து 100 கிராம் கூடியிருக்கு, ஏத்துக்கலாம். கடலுக்கு எடுத்துட்டுப் போய் வந்த ஒவ்வொரு தடவையும் கழுவி துடைச்சு காஞ்சதும் அதே தராசுல தூக்கிப் பார்க்கறேன், அந்த 4.3 நகரல. ஒட்டு போட்ட இடத்தை விரல் கணுவால தட்டினா பக்கத்துல இருக்கற இடம் மாதிரியே டக் டக்னு கெட்டியா கேக்குது, பொத்துன்னு கேட்டா கிளாஸ் பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம். வலது ஃபின் பாக்ஸ் ஓரத்துல மட்டும் முடி கனத்துக்கு ஒரு கோடு இருக்கு, பென்சிலால ரெண்டு முனையிலயும் குறி வச்சிருக்கேன், கோடு குறியைத் தாண்டினா பாக்ஸை கழட்டி மறுபடி வைக்கற வேலை இருக்கு.